கைவிட்ட சவரக் கத்தியை மறுபடி எடுப்பவர்களுக்கு: மலையகத்து வீட்டுக்கான வழிமுறை

மடக்குக் கத்தியால் சவரம் செய்யத் தொடங்கி, தாடையிலோ காதோரத்திலோ ஒரு வெட்டு வாங்கி, அன்றோடு கத்தியைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களும் படிக்கலாம்; பாதி வேலை இருவருக்கும் ஒன்றுதான். நான் மறுபடி கத்தியை எடுக்க நினைத்தபோது கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் வீடுகளுக்கும், கத்தி தீட்டித் தருபவர் அடுத்த தெருவிலேயே இருக்கும் ஊர்களுக்கும் எழுதப்பட்டவை. இலங்கை மலையகத்தில், தலவாக்கலையிலும் நானுஓயாவிலும், வெந்நீர் கேத்தலில் இருந்து வருகிறது. நுரை முகத்தில் இருக்கும்போதே குளிர்ந்துவிடுகிறது. ஈரத்தோடு மடித்து வைத்த கத்தியில் இரண்டு நாளில் துரு பூக்கிறது.

கத்தியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது மழுங்கிய கத்தி. மழுங்கிய வாய், அதாவது வெட்டும் ஓரம், முடியை இழுக்கும், இழுத்தால் கை தன்னையறியாமல் அழுத்தும், அழுத்தினால் வெட்டும். ஆகவே கண்ணாடி முன்னால் போய் நின்று தைரியத்தை வரவழைக்கப் பார்க்காதீர்கள். முதலில் கத்தியைச் சரிசெய்யுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களும், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். முகத்தில் சீழ்ப் பருக்கள் இருக்கும் காலத்திலும் பொறுத்திருங்கள்.

1. எந்தக் கத்தி என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று, தீட்டித் தீட்டி ஆயுள் முழுவதும் பயன்படுத்தும் பழைய முறைக் கத்தி. மற்றது, இன்று சலூன்களில் வைத்திருக்கும் பிளேட் மாட்டும் கத்தி. இரட்டை முனை பிளேட் ஒன்றை உறையோடு நடுவில் ஒடித்து, பாதியைச் செருகினால் போதும். ஒரு பிளேட்டில் இரண்டு சவரம் ஆகிவிடும். இது மலிவு, தீட்டும் வேலையும் இல்லை. சலூன் சாமான் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். வாடகை அறையில் தங்கி வேலை பார்ப்பவருக்கும், கல், தோல் பட்டை என்று சேர்த்துவைக்க இடமில்லாதவருக்கும் இதுவே பொருந்தும்.

ஆனால் பயந்த கைக்கு இது சுலபமானது என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். புது பிளேட்டின் கூர் மிகக் கடுமையானது, கத்தியின் உடலோ பாரமில்லாதது. கோணம் சற்றுப் பிசகினாலும் கடித்துவிடும். ஒழுங்காகத் தீட்டிய பழைய முறைக் கத்தி பாரமாக இருப்பதால், அந்தப் பாரமே முடியை எடுக்கும். கை வழிகாட்டினால் போதும். கையில் கொஞ்சம் பணமும் பொறுமையும் இருந்தால் பழைய முறைக்கே போங்கள்.

தாத்தா வைத்திருந்த கத்தி வீட்டில் இருந்தால், வாங்க ஓடுவதற்கு முன் அதைப் பாருங்கள். வாய்க்கும் கைப்பிடி ஆணிக்கும் இடையில் உள்ள கழுத்துப் பகுதியில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் அல்லது ஜெர்மனியின் ஸோலிங்கன் என்ற ஊர் முத்திரை இருந்தால் உருக்கு நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். வாயை வெளிச்சத்துக்கு நேராக மேல்நோக்கிப் பிடியுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. எங்காவது வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. முதுகிலும் பக்கத்திலும் உள்ள துரு பாதகமில்லை. வாயின் ஓரத்தைத் துரு குழிகுழியாகத் தின்றிருந்தாலும், உடலில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்கு வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பார்மசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் நன்கு துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒருவர் கத்தியை இன்னொருவர் பயன்படுத்துவது அண்ணன் தம்பிக்குள்ளும் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இரத்தத்தால் பரவுபவை.

புதிதாக வாங்குவதானால் அகலம் அங்குலத்தின் எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு, நுனி உருண்டை. கூர்நுனிக் கத்தி காதோரத்தை அழகாக வரையும் என்பார்கள். காதையும் வரையும்.

2. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால்

பெயர்பெற்ற ஜெர்மன் கத்தி 100 அமெரிக்க டொலருக்குக் குறைவாகப் புதிதாகக் கிடைப்பது அரிது. மிக மலிவான சீனக் கத்திகளும் உண்டு. அவற்றின் உருக்கு மோசமில்லை, ஆனால் வந்தபடியே முகத்தில் வைக்க முடியாது. தீட்டும் வேலை முழுவதும் உங்கள் தலையில். விலையோடு தபால் கட்டணத்தையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இலங்கையில் வற் வரி மட்டும் 2024 ஜனவரி முதல் 18 சதவீதம்.

பொதியின் மேல் விற்பவர் எழுதும் விவரத்தைக் கவனியுங்கள். சர்வதேசச் சுங்க வகைப்பாட்டில் சவரக் கத்திக்கும் பிளேட்டுக்கும் உரிய தலைப்பு 8212. சாதாரணக் கத்திகள் 8211-இல் வருகின்றன. வெறுமனே "கத்தி" என்று எழுதி அனுப்பினால் கேள்விகள் கூடும். "சவரக் கத்தி, 8212" என்று ஆங்கிலத்தில் எழுதும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். யானைத் தந்தக் கைப்பிடி உள்ள பழைய கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வரவழைக்காதீர்கள். தந்தத்தின் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது, பொதி பறிபோகும்.

நம்மவர்கள் சிக்குவது பெயரிலும் முகவரியிலும்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று என்பது தோட்டங்களில் சர்வசாதாரணம். பொதியில் உள்ள பெயர் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்திருக்க வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதம் தோட்ட அலுவலகம் வழியாக வருவதானால், டவுனில் உள்ள நம்பிக்கையான கடை முகவரியையோ உறவினர் முகவரியையோ கொடுங்கள். அவர்களிடம் முன்பே சொல்லியும் வையுங்கள். அறிவிப்புச் சீட்டு வந்து மேசை இழுப்பறையில் கிடந்தால் பயனில்லை.

சீட்டு வந்ததும் எடுத்துப்போக வேண்டியவை: அந்தச் சீட்டு, அடையாள அட்டையும் அதன் பிரதியும், விற்பவர் தந்த பற்றுச்சீட்டு, பணம் செலுத்தியதற்கான அத்தாட்சி. வேறொருவரை அனுப்புவதானால் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையும். போயா தினத்தில் தபாலகம் திறக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

3. கூர் ஏற்றாமல் முகத்தில் வைக்காதீர்கள்

முழுக் கட்டுரையில் நீங்கள் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிப்பதானால் இதைப் படியுங்கள்.

தெருவில் சக்கரத்தோடு வரும் சாணை பிடிப்பவரிடம் சவரக் கத்தியைக் கொடுக்காதீர்கள். சமையலறைக் கத்திக்கு அவர் சரியான ஆள். சவரக் கத்தியின் வாய் மிக மெல்லியது. சக்கரத்தின் சூட்டில் அந்த உருக்கின் கடினம் போய்விடும், பிறகு எந்தக் கல்லாலும் மீட்க முடியாது. கவ்வாத்துக் கத்தி தீட்டுவதில் கைதேர்ந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் அன்போடு "கொடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்" என்பார்கள். தேயிலைக் கிளையை வெட்டும் கத்திக்கு முரட்டுக் கூர் போதும், அதற்கான கல் வேறு. நன்றி சொல்லிவிட்டுக் கத்தியைப் பைக்குள் வையுங்கள்.

கேட்க வேண்டிய ஆள் வயதான சலூன்காரர். இன்று பெரும்பாலான சலூன்கள் பிளேட்டுக்கு மாறிவிட்டதால் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஹட்டன், பதுளை, கண்டி போன்ற டவுன்களின் பழைய கடைகளில் விசாரித்துப் பாருங்கள். போனதும் கத்தியை நீட்டாதீர்கள். "ஐயா, கல் வைத்திருக்கிறீர்களா, கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வழவழப்பான, மேடுபள்ளமில்லாத கல்லையும் எண்ணெய் ஊறிய தோல் பட்டையையும் எடுத்துக் காட்டினால் நம்பிக் கொடுக்கலாம். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அப்படி ஒருவரும் அகப்படாவிட்டால் நீங்களே தீட்டக் கற்க வேண்டியதுதான். அதற்கு நீரில் நனைத்துத் தீட்டும் கற்கள் வேண்டும். எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். வாயில் உடைப்பு இல்லையென்றால் 3000 அல்லது 4000 எண் கல்லும் 8000 எண் கல்லும் போதும். இரண்டும் ஒன்றாக ஒட்டிய கற்கள் விற்கப்படுகின்றன. 12000 இருந்தால் இன்னும் மென்மை. உடைப்பு இருந்தால் 1000-இல் தொடங்க வேண்டும். அதை முதல் கத்தியிலேயே முயல வேண்டாம். கல்லின் விலை மலிவான கத்தியின் விலையை மிஞ்சும். செலவுப் பட்டியலில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான்.

தீட்டும் முறை: கல்லை நனைத்து, கத்தியைப் படுக்கையாக வையுங்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் தொட்டிருக்க வேண்டும். முதுகைத் தூக்கினால் கோணம் கெட்டது. வாய் முன்னால் போகும்படி கல்லின் நீளத்துக்குத் தள்ளுங்கள். கடைசியில் முதுகின் மேல் புரட்டி, மறுபக்கத்தால் உங்களை நோக்கி இழுங்கள். வாயின் மேல் ஒருபோதும் புரட்டாதீர்கள். அழுத்தம் மிகக் குறைவு, கத்தியின் பாரத்துக்குச் சற்றே கூடுதல். முதல் தடவைக்கு ஒரு மாலைப் பொழுதை முழுவதுமாக ஒதுக்குங்கள்.

கூர் வந்ததா என்று பார்க்கப் பெருவிரலை ஓடவிடாதீர்கள். முன்கையில் தோலைத் தொடாமல், அரைச் சென்டிமீட்டர் உயரத்தில் கத்தியை நகர்த்துங்கள். ரோமம் அந்தரத்திலேயே அறுபட்டால் கத்தி தயார். நுனி, நடு, அடி என்று மூன்று இடத்திலும் பாருங்கள். நடுவில் மட்டும் அறுத்து நுனியில் வழுக்கும் கத்திதான் தாடையில் காட்டிக்கொடுக்கும்.

4. தோல் பட்டை

ஒவ்வொரு சவரத்துக்கும் முன் கத்தியைத் தோலில் தேய்க்க வேண்டும். பட்டையின் துணிப் பக்கத்தில் இருபது, தோல் பக்கத்தில் ஐம்பது தடவை போதும். இங்கே முதுகு முன்னால் போகும், வாய் பின்னால் இழுபடும். கல்லுக்கு நேர் எதிர். இந்தத் திசையை மாற்றிவிட்டால் ஒரு நொடியில் தோலும் போகும், கூரும் போகும். பட்டையை இறுக்கிப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் மழுங்கும். வேகம் வேண்டாம். சலூன்காரர் பட்டையில் சடசடவென்று அடிப்பதைப் பார்த்து அதே வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

தனிப் பட்டை வாங்க வசதியில்லாவிட்டால், பூ வேலைப்பாடோ தையலோ இல்லாத, அகலமான, வழவழப்பான உண்மைத் தோல் இடுப்புப் பட்டி தற்காலிகமாக உதவும். ரெக்சின் உதவாது. மழைக்காலத்தில் தோலில் பூஞ்சணம் பூக்கும். பெட்டிக்குள் சுருட்டாமல் காற்றுப் படும் சுவரில் தொங்கவிடுங்கள்.

5. மற்றச் சாமான்கள்

சவரச் சவர்க்காரம், பிரஷ், கோப்பை, படிகாரக் கட்டி. படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சீனக்காரம் என்றும் கேட்கலாம். பிரஷ்ஷில் செயற்கை மயிர் நம் குளிருக்கு வசதி, சீக்கிரம் காயும். பன்றி மயிர் பிரஷ்ஷைச் சில நிமிடம் ஊறவைக்க வேண்டும், காய ஒரு நாள் எடுக்கும். சாதாரண ரேசர் ஒன்றும் கட்டாயம் வேண்டும்; ஏனென்று ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

6. குளிரில் நுரை

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழும். அந்த நேரத்தில் முகத்துத் தோல் இறுகி, முடி கம்பியாக நிற்கும். குளித்த உடனே சவரம் செய்வது சிறந்தது. இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துவாயை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள்.

கேத்தல் தண்ணீரைப் பெரிய பேசினில் ஊற்றி, நுரைக் கோப்பையை அதற்குள் வையுங்கள். நுரை கடைசிவரை சூடாக இருக்கும். நம் பக்கத்து ஓடைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, நுரை தாராளமாக வரும். அனுராதபுரத்துக் கிணற்றுத் தண்ணீரில் இந்தச் சுகம் இல்லை. ஆனால் நிறைய நுரை என்பது நல்ல நுரை ஆகாது. குமிழி குமிழியாக நின்றால் காற்று அதிகம், தண்ணீரைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னும் கலக்குங்கள். கட்டித் தயிர் போல மினுமினுப்பாக வந்தால் சரி. கண்ணாடியில் ஆவி படிந்தால் துளி சவர்க்காரத்தைத் தேய்த்துத் துடையுங்கள்.

7. முகத்தைப் பகுதி பகுதியாக மீட்டெடுங்கள்

முழு முகத்தையும் முதல் நாளே முடிக்க வேண்டும் என்ற வீம்புதான் கத்தியை மறுபடி அலுமாரிக்கு அனுப்புகிறது. வாரத்துக்கு இரண்டு சவரம், ஒவ்வொன்றிலும் தெரிந்த பகுதியை மட்டும் கத்தியால், மிச்சத்தைச் சாதாரண ரேசரால். பெரட்டுக்கோ (தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) பஸ்ஸுக்கோ ஓட வேண்டிய காலையில் கத்தியைத் தொடாதீர்கள். ஞாயிறு அல்லது விடுமுறை நாள், நாற்பது நிமிடம், கதவு தாழிட்ட அறை, நல்ல வெளிச்சம். மின்சாரம் போனால் மெழுகுவர்த்தியில் தொடர வேண்டாம், ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். கடும் சாயத் தேநீர் சவரத்துக்குப் பிறகு. வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் கை நடுங்கும்.

கத்தியில்லாமல் ஒத்திகை பாருங்கள். கரண்டிக் காம்பைக் கத்தியாகப் பிடித்து, நுரை பூசிய முகத்தில் எல்லா அசைவையும் செய்யுங்கள். கண்ணாடியில் இடமும் வலமும் குழம்புவதை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

பிடி: மூன்று விரல் கத்தியின் கழுத்தின் மேல், சுண்டுவிரல் கடைசியில் வளைந்த வாலில், பெருவிரல் அடியில். கோணம் சுமார் 30 பாகை. அளவு தெரியாவிட்டால், முதுகு தோலிலிருந்து தன் தடிப்பைப் போல் இரண்டு மடங்கு விலகி நிற்கட்டும். மறு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். இழுக்காத தோலில் கத்தி வைக்கக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிறு இழுப்புகள். வாயின் நீளவாக்கில், அதாவது பக்கவாட்டில், கத்தி ஒரு நூல் அளவும் நகரக் கூடாது. பெரிய வெட்டுகள் அநேகமாக இப்படித்தான் விழுகின்றன. தும்மல் வந்தால், யாராவது கூப்பிட்டால், முதலில் கத்தியை முகத்திலிருந்து எடுங்கள், பிறகு திரும்புங்கள்.

முதலில் கன்னங்கள், காதோரத்திலிருந்து தாடை எலும்பு வரை. அது தட்டையான நிலம். இரண்டு சவரம் தொடர்ந்து எரிச்சலோ கீறலோ இல்லாமல் முடிந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம், இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள். அடுத்தது தாடையின் இரு ஓரம். பிறகு கழுத்து. மோவாயும் மேலுதடும் கடைசி. அங்கே வளைவு அதிகம், முடியும் தடிப்பு. பலருக்கு இந்த வரிசை முடிய இரண்டு மாதம் ஆகும்.

முன்பு வெட்டு விழுந்த இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கை அந்த இடத்தை நெருங்கும்போது தானே இறுகும். அங்கே முதல் சவரத்தில் ஒரே ஒரு இழுப்பு மட்டும் செய்துவிட்டு மிச்சத்தை ரேசருக்கு விடுங்கள். அடுத்த முறை இரண்டு.

முடி வளரும் திசையிலேயே இழுங்கள். இரண்டு நாள் முடியில் விரலால் தடவிப் பார்த்தால் திசை தெரியும். கழுத்தில் அது பக்கவாட்டாகவோ மேல்நோக்கியோ இருக்கலாம். எதிர்த்திசைச் சவரம் பல மாதம் கழித்துப் பேச வேண்டிய விஷயம். சுருள் முடிக்காரர்கள் கழுத்தில் அதைச் செய்யவே வேண்டாம். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கட்டியாகும்.

8. வெட்டு விழுந்தால்

கத்தியைக் கீழே வைத்து, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தால் நிற்காது. சிறு கீறலுக்கு நனைத்த படிகாரம் போதும். காயம் வாய் பிளந்திருந்தாலோ, கால் மணி நேரம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணம் இல்லை. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், நினைவில் வைத்திருங்கள். ஆறும்வரை அந்தப் பக்கத்துக்கு ரேசரும் வேண்டாம்.

9. கத்தியைக் காயவைத்தல்

கழுவி, மென்மையான துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். பட்டையில் ஐந்தாறு தடவை இழுத்தால் மிச்ச ஈரமும் போகும். மடிக்காமல் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள், குளியலறையில் அல்ல. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் மழையும் மூடுபனியும் விடாது. அந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும், நாளடைவில் பிசினாகி நாறும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி, இரு பக்கமும் வாயும் நனைய. கைப்பிடிக்குள் எண்ணெய் தேங்க விடாதீர்கள்.

விமானத்தில் போவதானால் கத்தியைக் கைப்பையில் எடுத்துப்போக விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். ஊருக்குப் போய் மூன்று வாரத்துக்கு மேல் கத்தியைத் தொடாமல் இருந்தால், திரும்பி வந்து செய்யும் முதல் சவரத்தில் மறுபடி கன்னங்கள் மட்டும்.